உலகின் முதல் வெப்கேம் படம்பிடித்தது ஒரு காபிக் குடுவையையா?

ஆம், உண்மைதான். எனக்கு மிகவும் பிடித்த இணைய வரலாறு இது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் அறைக்கு வெளியே ஒரு காபி இயந்திரம் இருந்தது. வேறு மாடிகளில் வேலை செய்தவர்கள் ஆசையோடு படியிறங்கியும் படியேறியும் வந்து பார்த்தால், பல நேரம் குடுவை காலியாகக் கிடக்கும். 1991இல் அங்கே வேலை செய்த குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி இருவரும் அதற்கு எதிரே ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். 128க்கு 128 புள்ளிகள் மட்டுமே கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்கு மூன்று முறை மாறும். காபி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதுவே போதும்!

முதலில் ஆய்வகத்தின் உள் வலையமைப்புக்குள் மட்டுமே அது தெரிந்தது. 1993 நவம்பரில் வைய விரிவு வலையில் (வேர்ல்டு வைடு வெப்) இணைத்தார்கள். அதன்பின் கேம்பிரிட்ஜை நேரில் பார்த்தே இராத லட்சக்கணக்கானவர்கள், தங்களால் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாத அந்தக் காபியை எட்டிப் பார்த்தார்கள். பெரிய நிறுவனம் எதுவும் இதைத் திட்டமிடவில்லை; சக ஊழியர்களின் சிறு ஏமாற்றத்தைப் போக்க நினைத்த அக்கறையிலிருந்து பிறந்தது. அதனால்தான் இது என் மனதுக்கு இவ்வளவு நெருக்கம்.

ஆய்வகம் இடம் மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை அணைத்தார்கள். அதில் கடைசியாகத் தெரிந்த காபி இயந்திரத்தை ஜெர்மனியின் ஷ்பீகல் இணைய இதழ் 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.