சிரிப்பின் குறி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரம் ஒருமுறை ஒரு தியானக் குழுவில் உட்காருகிறேன். சென்ற வாரம் எல்லோரும் மௌனமாக இருந்தபோது பக்கத்தில் ஒருவர் குறட்டை விட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வழிநடத்துபவர் கடுமையாகக் கண்டித்தார். சிரிப்பும் ஒரு தியானம்தானே? சிரிக்கும்போது மனதில் எண்ணமே இருப்பதில்லையே? ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே? நான் எப்போதும் கலகலப்பாக இருப்பவன். (என் கிண்டலைத் தாங்காமல் ஒரு நண்பர் இரண்டு மாதமாகப் பேசுவதில்லை. அவருக்கு நகைச்சுவை உணர்வு குறைவு.) ஆன்மிகத்தில் சிரிப்புக்கு இடம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துறவிகளுக்கான விதிகளில் சிரிப்பைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

குறட்டைக்குச் சிரித்தது ஒரு குற்றமே இல்லை. சிரிக்கக்கூடாத இடத்தில்தான் சிரிப்பு முட்டும். மூச்சைப் பிடித்து அடக்கினால் இன்னும் பீறிடும். வாயை லேசாகத் திறந்து மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், குறட்டைக்காரர் பக்கம் திரும்பாதீர்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள். உங்களைக் கண்டித்தவரும் கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

சிரிக்கும்போது எண்ணம் இல்லை என்கிறீர்கள். தும்மும்போதும்தான் இல்லை. அதற்காக யாரும் தும்மலைத் தியானம் என்று சொல்வதில்லை. ராபர்ட் ப்ரோவைன் என்ற நரம்பியலாளர் சிரிப்பொலியை அளந்து பார்த்தார். ஒவ்வொரு ‘ஹா’வும் சுமார் 75 மில்லிவினாடி நீளம், 210 மில்லிவினாடிக்கு ஒன்றாக வருகிறது. அதைவிட முக்கியமாக அவர் கண்டது, மனிதர்கள் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பது. அதுவும் பெரும்பாலும் நகைச்சுவைக்கு அல்ல, ‘சரி, அப்புறம் பார்ப்போம்’ போன்ற சாதாரணப் பேச்சுக்கு. ஆக, சிரிப்பு நமக்குள் ஒரு வட்டம் போடுகிறது. வட்டத்துக்கு வெளியே யாரை நிறுத்துகிறது என்பதுதான் என் கவலை.

பழைய துறவிகளுக்கும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. பௌத்தத் துறவிகளின் விதித்தொகுப்பான விநயத்தில் பிக்குகள் ஊருக்குள் உரக்கச் சிரித்துக்கொண்டு போகக்கூடாது. விரலால் கிச்சுகிச்சு மூட்டுவதற்குக்கூடத் தனி விதி உண்டு. ஆறாம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவியான புனித பெனடிக்ட் பணிவுக்கு 12 படிகள் வகுத்தார். சட்டென்று சிரித்துவிடாமல் இருப்பது அதில் 10-ஆவது. சிரிப்பைப் பணிவின் கணக்கில் வைத்தாரே, அதைக் கவனியுங்கள். மகிழ்ச்சியின் மேல் இவர்களுக்குப் பகை என்று நான் நினைக்கவில்லை. சிரிப்பவன் ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் அடைப்புக்குறிக்கு வருகிறேன். கடிதத்திலேயே கனமான விஷயத்தை அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ‘அவருக்கு நகைச்சுவை உணர்வு குறைவு’! குத்தியவர் எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலில் காயம், பிறகு ‘வலிக்கிறது என்கிறாயே’ என்று அதற்கும் ஒரு குற்றச்சாட்டு. தயவுசெய்து வள்ளுவரைத் துணைக்கு இழுக்காதீர்கள். தனக்கு வந்த இடுக்கணைப் பார்த்துத்தான் அவர் நகச் சொன்னார், அடுத்தவருக்கு நாம் உண்டாக்கிய இடுக்கணைப் பார்த்து அல்ல.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. எள்ளலுக்கு, அதாவது கேலிக்கு, உரை சொல்லும்போது பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் மற்றொன்று. முதலாவது உங்களுக்குக் கைவந்த கலை. ஆன்மிகப் பயிற்சி என்று ஒன்று இருந்தால் அது இரண்டாவதில்தான் இருக்கிறது.

எப்படிச் செய்வது? யாராவது உங்களைக் கிண்டல் செய்யும்போது முதலில் உடம்பைப் பாருங்கள். காது சூடாகும், தாடை இறுகும், அவர் சொல்லி முடிக்கும் முன்பே பதிலடி நாக்கு நுனிக்கு வந்துவிடும். அதைச் சொல்லாதீர்கள். ஒரு மூச்சு முழுதாக வெளியே போகட்டும். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை? பாதியா, காலா? கால் பங்கு என்றால் அந்தக் கால் பங்கை மட்டும் உள்ளுக்குள் ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்ட இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும், பெரும்பாலும் மூக்கு வழியாக. வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். உதடு மட்டும் விரிந்து, கண்ணைச் சுற்றியுள்ள தசை அசையாமல் இருந்தால் அது நடிப்பு. 1862-இலேயே பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் இதை எழுதி வைத்துவிட்டார்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. நாலு பேர் முன்னால் ‘நான் ஒரு மக்கு’ என்று நீங்களே முந்திக்கொள்வீர்கள். ‘சேச்சே, அப்படியெல்லாம் இல்லை’ என்று யாராவது சொல்லக் காத்திருப்பீர்கள். ஒருவர் ‘ஆமாம், கொஞ்சம் மக்குதான்’ என்றால் உங்கள் முகம் சுருங்குகிறதா? சுருங்கினால் அதுவும் தற்பெருமைதான், வேஷம் மட்டும் வேறு.

இன்னொன்று. உங்கள் மேல் அதிகாரம் உள்ள ஒருவர் தினமும் உங்களைக் கேலி செய்து சிறுமைப்படுத்தினால், அங்கே இந்தப் பயிற்சி வேண்டாம். ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லுங்கள். சாவு வீட்டு துக்கத்திலும் இதைத் தொடாதீர்கள்.

நண்பரிடம் நேரில் போங்கள். என்ன சொல்லிக் கிண்டல் செய்தீர்களோ, அதே வார்த்தைகளைச் சொல்லி, ‘இது தப்பு’ என்று சொல்லுங்கள். ‘உனக்கு வருத்தமாக இருந்திருந்தால்’ என்று இழுக்காதீர்கள். நேரில் போக முடியாமல் செய்திதான் அனுப்புவீர்கள் என்றால், கடைசியில் சிரிக்கிற மஞ்சள் முகம் எதையும் ஒட்டாதீர்கள்.