கேள்வி-பதில்: ரீ-சேர்ட் கடை போடுமுன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரீ-சேர்ட் பற்றியவை. சொந்தமாக வடிவமைத்து இணையத்தில் விற்க நினைப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படி விற்றவர்களிடம் வாங்கி நொந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பையும் அடுத்தடுத்து வைத்தே பதில் சொல்கிறேன். கடை போடப் போகிறவர் வாங்கியவரின் முறைப்பாட்டையும் ஒருமுறை படிக்கட்டும்.

ஐயா, நானும் தங்கையும் திருகோணமலைக் கோட்டை மான், கோணேசர் மலை, புறாமலை மீன்கள் என்று வரைந்து வைத்திருக்கிறோம். சேமிப்பு முழுவதையும் போட்டு, படத்தைச் சட்டையில் சூடாக்கி அழுத்தும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா? (உப்புவெளி)

இப்போது வேண்டாம் தம்பி. நான் வாங்கிய கதையைக் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகனுக்காகக் கொழும்பில் ஒருவரிடம் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கினேன். விற்றவர் மின்சாரம் கொடுத்துக் காட்டினார், எண்பலகையில் 160 பாகை என்று எரிந்தது, காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தட்டின் ஒரு மூலை சரியாகச் சூடாகவில்லை என்று தெரிந்தது. அடித்த 11 சட்டைகளிலும் அதே மூலைப் பக்கம் இரண்டாவது துவைப்பில் உரிந்து வந்தது. அவற்றில் ஒன்பதைப் பிள்ளை ஏற்கெனவே காசுக்கு விற்றிருந்தான். வீடு வீடாகப் போய்க் காசைத் திருப்பிக் கொடுத்தோம். தட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் வெப்பத்தை அளந்து பார்க்காமல் அந்த இயந்திரத்தை வாங்கக் கூடாது. அன்று இதை எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து அடிப்பியுங்கள். ஆனால் எந்த முறையில் அடிக்கிறார் என்று கேளுங்கள். ஸ்கிரீன் அச்சு என்பது வலைச் சட்டகம் வழியே மையைத் தள்ளி அடிப்பது. அதில் நிறத்துக்கொரு சட்டகம் செய்ய வேண்டும்; ஒரே படத்தை நிறையச் சட்டைகளுக்கு அடித்தால்தான் கட்டும், ஆனால் நன்றாகச் சூட்டில் உலர்த்தினால் நெடுநாள் நிற்கும். டி.ரி.எஃப். என்பது படத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, சூட்டில் துணியோடு ஒட்டுவது. ஒற்றைச் சட்டைக்கும் பல நிறப் படத்துக்கும் அதுதான் வசதி. சப்ளிமேஷன் என்பது சூட்டில் ஆவியாகித் துணிக்குள் இறங்கும் மை. அது பொலியெஸ்டர் துணியில் மட்டுமே பிடிக்கும், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில். பருத்தியில் அதை அடித்துத் தருகிறேன் என்பவரிடம் நிற்காதீர்கள். முதல் துவைப்பிலேயே படம் மங்கிவிடும்.

துணி வாங்கக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகும்போது ‘நல்ல துணி’ என்ற சொல்லை நம்பாமல் ஜி.எஸ்.எம். கேளுங்கள். ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 180 அளவிலான பருத்தி நம் ஊர் வெயிலுக்கும் தாங்கும், வடிவமும் கெடாது. 140க்குக் கீழே போனால் உள்ளே போட்டிருப்பது வெளியே தெரியும். முதலில் ஆறு சட்டை அடியுங்கள். ஒன்றை ஐந்து தடவை துவைத்துக் காயப்போட்டு, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு மற்றதை யோசிக்கலாம்.

விலையை வெளியே போட்டால் மற்றவர்கள் குறைத்து விற்கிறார்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்’ என்று போடலாமா? (ஓர்ஸ்ஹில்)

கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வியாபாரி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்கிறது. ஆளுக்கொரு விலை சொல்லும் எண்ணம் இல்லாதவருக்கு மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் பழைய மாணவர் அணிக்கு 48 ரீ-சேர்ட்டுகள் அடிக்க வெளியூர் அச்சகம் ஒன்றுக்குக் கொடுத்தோம். ‘வெற்றிக் கொடி’ என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது, கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உடைந்து வந்திருக்கிறது. மாதிரி எதையும் காட்டவில்லை. ‘நீங்கள் தந்ததைத்தானே அடித்தோம்’ என்கிறார்கள். (மூதூர்)

உங்கள் கடிதத்தோடு வந்த படத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பேருந்து நிலையத்தில், கோயில் திருவிழாவில், இல்ல விளையாட்டுப் போட்டியில், எங்கே பார்த்தாலும் இந்த உடைந்த தமிழை நெஞ்சில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் நடக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தலைகீழாக வந்திருந்தால் அந்த அச்சகம் 48 சட்டைகளையும் அனுப்பியிருக்குமா? தமிழ் என்றால் மட்டும் எப்படி வந்தாலும் போதுமா?

இது ஏன் நடக்கிறது என்பதைக் கடை போடுகிற எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். யூனிகோட் தமிழில் ‘வெ’ என்று தட்டினால், கணினி முதலில் ‘வ’வையும் அடுத்துக் கொம்பையும் சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. பழைய வடிவமைப்பு மென்பொருள்கள் அதைச் செய்வதில்லை. புதியவற்றிலும் சிலவற்றில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை நாமே தெரிவு செய்ய வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் வேறொரு தொல்லை: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வடிவமைத்து முடித்ததும், கொம்புகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்து, எழுத்துகளைக் கோட்டு உருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு அது படம், எந்தக் கணினியிலும் சிதறாது. அச்சுக்குப் போகுமுன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மாதிரியைப் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும். அச்சடிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருப்பது குற்றமல்ல. மாதிரி காட்டாமல் 48 சட்டைகளை அடித்ததுதான் குற்றம்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய வாசகம், பற்றுச்சீட்டு, சட்டையின் படம் மூன்றையும் சேர்த்து, திருத்தி அடித்துத் தரும்படி அச்சகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள்; தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து ‘எம்’ அளவில் ஆறு சட்டைகளுக்கு முழுப் பணமும் அனுப்பினேன். எல்லாம் சிறியவை. பற்றுச்சீட்டு இல்லை, இப்போது அந்த இலக்கமும் வேலை செய்யவில்லை. (திருகோணமலை நகர்)

அளவைக் கேட்கவில்லை. முகவரி கேட்கவில்லை. ஒரு சட்டை வாங்கிப் பார்க்கவும் இல்லை, நேராக ஆறு. சென்ற ஆண்டு சப்பாத்து விடயத்திலும் இதையேதான் எனக்கு எழுதினீர்கள், அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறேன்: முன்பின் தெரியாதவரிடம், பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறையில் மட்டும் வாங்குங்கள். பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு இலக்கத்தோடு பொலிஸில் முறையிடுங்கள்.

கடை போடுபவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ‘எம்’ என்பது ஓர் அளவே அல்ல. ஒரு தையலகத்தின் ‘எம்’ இன்னொன்றின் ‘எஸ்’. சட்டையைத் தட்டையாக விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை எத்தனை சென்ரிமீற்றர், தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை எத்தனை என்று ஒவ்வோர் அளவுக்கும் எழுதிப் போடுங்கள். வாங்குபவர் வீட்டில் நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றை எடுத்து அளந்து பார்ப்பார்.

காற்பந்துக் கழகச் சின்னம், நடிகர் படம் போட்டால்தான் விற்கிறது. போடலாமா? (கிண்ணியா)

வேண்டாம். அவை இன்னொருவரின் சொத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் தங்கையோ தம்பியோ வரைந்த படத்துக்கும் அதே சட்டம்தான் காவல்: வரைந்த கணத்திலிருந்து, பதிவு எதுவும் இல்லாமலே, வரைந்தவரின் ஆயுளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும்.

கடைக்கு இணையத்தளம் செய்து தருவதாக ஒருவர் முற்பணம் வாங்கினார். தளம் வந்தது. இப்போது பெயர், கடவுச்சொல் எல்லாம் தன்னிடம்தான், இன்னும் காசு தந்தால்தான் தருவேன் என்கிறார். இதற்கிடையில் வாடிக்கையாளர் ஒருவர் வங்கிச் சிட்டையின் படத்தை அனுப்பினார், ஐந்து சட்டைகளை அனுப்பிவிட்டேன், காசு வரவே இல்லை. அழுகையாக வருகிறது. (தம்பலகாமம்)

அழாதே பிள்ளை. நீ செய்த பிழை நம்பியது ஒன்றுதான், அதற்காக வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த இருவரும்.

தளத்தை முதலில் பார்ப்போம். அவரோடு பேசிய செய்திகளையும், காசு அனுப்பிய பதிவுகளையும் இன்றே பிரதி எடுத்து வை. எதற்காக எவ்வளவு பெற்றார் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கு. அவர் அசையாவிட்டால் இன்னும் காசு கொட்டாதே. வேறு பெயரில் புதிதாகத் தொடங்கு. தளப் பெயரை நீயே உன் பெயரில், உன் மின்னஞ்சலில் பதிவு செய். ‘.lk’ என்று ஆங்கிலத்தில் முடியும் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். 2010 முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயரும் எடுக்கலாம். உண்மையில் மாதம் பத்து, இருபது சட்டை விற்கும் வரை முகநூல் பக்கமும் ஒரு தொலைபேசி இலக்கமும் போதும். தளம் பிறகு வரலாம்.

சிட்டையின் படம் காசு அல்ல. அதைத் தொலைபேசியிலேயே இரண்டு நிமிடத்தில் திருத்தலாம். உன் கணக்கில் பணம் விழுந்ததை நீயே பார்த்த பிறகுதான் பொதியைக் கட்ட வேண்டும். ‘காசு அனுப்பியிருக்கிறேன், தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டால், அது உன் கணக்கைத் திறக்கும் சாவி. வங்கி என்று சொன்னாலும் கொடுக்காதே.

வியாபாரப் பெயரை எங்கே பதிவது? (சாம்பல்தீவு)

உங்கள் பிரதேச செயலகத்தில். உங்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். முதலில் கிராம உத்தியோகத்தரைக் காணுங்கள். இது வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும். பெயரையும் சின்னத்தையும் மற்றவர்கள் எடுக்காமல் காக்க, தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகத் தனியே பதிய வேண்டும். அது 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தக்கது.

சுற்றுலாக் காலத்தில் நன்றாக விற்கிறது. ஆனால் மூன்று தடவை துவைத்த சட்டையைக் கொண்டுவந்து படம் உரிகிறது என்று காசு கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா? (நிலாவெளி)

கொடுங்கள். மூன்று துவைப்பில் உரிந்தால் அது அச்சின் குறை. அடித்தவரிடம் நீங்கள் கேளுங்கள். வாங்கியவரை அவரிடம் அனுப்பாதீர்கள். இனிமேல் ஒவ்வொரு பொதியிலும் ஒரு துண்டு வையுங்கள்: உட்புறம் வெளியே திருப்பித் துவைக்கவும், கொதிநீர் வேண்டாம், நிழலில் காயவிடவும், படத்தின் மேல் இஸ்திரி போட வேண்டாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிடுங்கள். அந்தத் துண்டில் உங்கள் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும்.