ஒரே ஒலிம்பிக்ஸ்ல நீச்சல், டைவிங் ரெண்டுலயும் மெடல் வாங்குன பெண் யாராவது இருக்காங்களா?

இருக்காங்க, அமெரிக்காவோட ஐலீன் ரிகின். 1924 பாரிஸ்ல ஸ்பிரிங்போர்டு டைவிங்ல (துள்ளுற பலகைல இருந்து குதிக்கிறது) வெள்ளி, 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்ல (மல்லாந்து நீந்துறது) வெண்கலம். இவங்க ஒருத்தர்தான்னு பல இடத்துல எழுதிருப்பாங்க, அது சரியில்ல, அதே பாரிஸ்ல ஸ்வீடனோட யோர்டிஸ் டொப்பெலும் டைவிங்ல ஒண்ணு, ரிலே நீச்சல்ல ஒண்ணுன்னு ரெண்டு வெண்கலம் வாங்கிருக்காங்க. ஆனா ரிலே டீமோட சேர்ந்து நீந்துறது, ஐலீனோடது ரெண்டுமே தனியா ஜெயிச்சது.

1906ல பொறந்தவங்க. அப்பா நேவில இருந்ததால கொஞ்ச நாள் பிலிப்பைன்ஸ்ல இருந்தாங்க, நீச்சல் பழகுனதே மணிலா கடல்லதான். பிறகு நியூயார்க்ல சார்லட் எப்ஸ்டீன் நடத்துன பெண்கள் நீச்சல் சங்கத்துல சேர்ந்து, 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு தேர்வானப்ப வயசு 14, எடை 30 கிலோ கூட தேறாது. குழந்தைங்களயெல்லாம் கூட்டிட்டுப் போறதான்னு அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி முறுக்கிக்கிச்சு, சங்கத்துக்காரங்க விடாம மல்லுக்கட்டித்தான் கப்பல் ஏத்திவிட்டாங்க. கப்பல் டெக்ல ஒரு கேன்வாஸ் தொட்டி, இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு நின்ன இடத்துலயே நீந்துறதுதான் பிராக்டிஸ்!

அங்க போனா நீச்சல்குளமே கிடையாது, ஒரு அகழிக்கு பலகை அடிச்சு வச்சிருந்தாங்க, தண்ணி கருப்பா, ஜில்லுன்னு, அடி எங்க இருக்குன்னே தெரியாது. குதிச்சா அடியில சேத்துல மாட்டிக்குவோமோன்னு பயந்ததா அவங்களே பின்னாடி சொல்லிருக்காங்க. அந்த பயத்தோட குதிச்சு தங்கம்!

ஆனா என்னைக் கேட்டா அந்த தங்கத்த விட பாரிஸ் வெண்கலம்தான் பெருசு. ஏன்னா 1920ல பெண்கள் ஸ்பிரிங்போர்டுல போட்டி போட்டதே நாலு பேர், நாலும் அமெரிக்கா. பேக்ஸ்ட்ரோக்ல பல நாட்டுக்காரங்க, அதுவும் டைவிங்குக்கு பழகுன உடம்ப வச்சிக்கிட்டு.

1926ல ப்ரொஃபஷனல் ஆயிட்டாங்க, ஒலிம்பிக்ஸ்ல அப்ப அமெச்சூர்களுக்கு, அதாவது காசு வாங்காம விளையாடுறவங்களுக்கு மட்டும்தான் இடம், அதோட அந்தக் கதவு மூடிருச்சு. நீச்சல் ஷோ, சினிமா, பத்திரிகைல எழுதுறதுன்னு எல்லாம் பண்ணாங்க, 1957ல ஹவாய்ல செட்டில் ஆகி எண்பது தாண்டின வயசுலயும் மாஸ்டர்ஸ் போட்டில (வயசு வாரியா பெரியவங்களுக்கு நடத்துறது) ரெக்கார்டு போட்டுட்டு இருந்தாங்க. 2002ல காலமானப்ப வயசு 96.

ஐலீன தேடினா ஹெலன் வெயின்ரைட்டயும் சேத்து தேடுங்க. அதே சங்கம், அதே 14 வயசு. 1920ல டைவிங் வெள்ளி, 1924ல 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் வெள்ளி. உங்க கேள்வில "ஒரே ஒலிம்பிக்ஸ்"னு போட்டதாலதான் அவங்க லிஸ்ட்ல வரல.