வாசகர் கேள்வி – பதில்: பூங்காவில் நிற்கும் சிலைகள்

கேள்வி: 2024இல் சிங்கப்பூரின் ஃபோர்ட் கெனிங் பூங்காவில், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸுக்கும் தாவரவியலர் வாலிச்சுக்கும் சிலை வைத்தார்கள். காலனி ஆட்சிக்காரர்களுக்கு இன்னும் எதற்குச் சிலை? எடுத்துவிட்டால் என்ன? (வாசகி, ஈசூன்)

பதில்: 1822இல் அந்தக் குன்றில் தொடங்கிய தாவரத் தோட்டத்தின் நினைவாக வைத்தவை அவை. சிலைக்கு வயது குறைவு, சர்ச்சைக்கு வயது அதிகம். பாடாங் திடலில் 1887இல் வைத்த ராஃபிள்ஸ் வெண்கலச் சிலை 1919இல் எம்பிரஸ் பிளேஸுக்குப் போனது. ஜப்பானியர் காலத்தில் அருங்காட்சியகத்துக்குள் போய், 1946இல் திரும்பி வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அது நிற்கட்டும் என்று ஆலோசனை சொன்னவர் டச்சுப் பொருளியலர் வின்செமியஸ். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அதை நம்பிக்கை தரும் ஒரு சைகையாகப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. சென்னையில் வேறு வழி: 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய பிரிட்டிஷ் அதிகாரி நீலுக்கு மவுண்ட் ரோட்டிலிருந்த சிலையை 1937இல் ராஜாஜி அமைச்சரவை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது.

என்னைக் கேட்டால், முதலில் பலகையை மாற்றுங்கள். சிலைக்குக் கீழே பெயரும் ஆண்டும் மட்டும் இருந்தால் அது புகழ்மாலைதான். யார் ஆண்டார், யார் உழைத்தார், யார் இழந்தார் என்பதை நான்கு மொழியிலும், குனியாமல் படிக்கும் உயரத்தில் எழுத வேண்டும்.

கேள்வி: எடுப்பதென்றே முடிவானால், எப்படி எடுப்பார்கள்? (வாசகர், தேக்கா)

பதில்: தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால் தேசிய மரபுடைமைக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொட முடியாது. அடுத்து, எல்லாப் பக்கமும் படமெடுத்து முப்பரிமாண ஸ்கேன் செய்துகொள்வார்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் காலடியில். வெண்கலச் சிலை உள்ளே வெற்றிடம். சுவர் சில மில்லிமீட்டர்தான். உள்ளே இரும்புச் சட்டம் விட்டிருந்தால், நம் ஊர் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அது துருப்பிடித்து உப்பி, வெண்கலத்தையே பிளக்கும். பீடத்துக்குள் இறங்கும் போல்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று தேடாமல் கிரேனால் இழுத்தால் கணுக்கால் முறியும். சங்கிலி கூடாது, அகலமான துணிப்பட்டை வேண்டும். கழுத்திலோ நீட்டிய கையிலோ மாட்டவே கூடாது. பீடத்தைத் தனியாகப் பிரித்து, கல்லுக்குக் கல் எண் போட வேண்டும்.

பிறகு பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றிக் கிடங்கில் போடுவார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. உள்ளே வியர்த்து, உப்பு வேலை செய்து, பச்சைப் பொடி கிளம்பும். உலர்ந்த, காற்றோட்டமான அறையும் மெழுகுப் பூச்சும் போதும்.

கேள்வி: இடிக்கப்பட்ட சின்னம் இங்கே உண்டா? (வாசகி, ஜூரோங்)

பதில்: எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போங்கள். இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னத்துக்கு நேதாஜி 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டினார். அதே செப்டம்பரில், திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த ராணுவத்தில் நம் தோட்டத் தொழிலாளர்களும் ஏராளம். இடத்தைக் காட்டும் கல்வெட்டு வந்தது 1995இல்தான். பக்கத்திலேயே எம்பிரஸ் பிளேஸில் டல்ஹௌசி தூணையும் பார்த்துவிடுங்கள்: 1850இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி வந்து போனதற்காக எழுப்பியது, ஒரு முகத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது.