ஆடை வடிவமைப்பு மனக்காயத்தை ஆற்றுமா? வரையத் தெரியாதவர்கள் தொடங்கலாமா?

ஆற்றும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேள்வியைப் படித்ததும் உங்களுக்கும் உடம்பு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று தோன்றியது, தவறென்றால் மன்னியுங்கள்.

புற்றுநோய்க்காக என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அப்புறம் எந்த ரெடிமேட் சட்டை போட்டாலும் இடப்பக்கம் தொளதொளவென்று தொங்கியது. உள்ளாடைக்குள் சிலிக்கோனில் செய்த செயற்கை மார்பு வைத்துக்கொள்ளலாம். வைப்பவர்களைக் குறை சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். எனக்கு வியர்த்தது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓரளவு தைக்கத் தெரியும் என்பதால் நானே வெட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். துணி வெட்ட அளவு வரைந்து வைத்துக்கொள்ளும் தாளை, அதாவது பேப்பர் பேட்டர்னை, பெரும்பாலும் பாதி உடம்புக்குத்தான் வரைவார்கள். துணியை மடித்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். எனக்கு அது ஆகாது. முழுத்தாளில் வரைய வேண்டும், இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். தோளிலிருந்து மார்பு வழியாக இடுப்பு வரை டேப் பிடித்தேன். வலது 43 சென்டிமீட்டர், இடது 40.5. அந்த இடத்தில் நானாகக் கை வைத்தது அன்றுதான் முதல்முறை. அழுவேன் என்று நினைத்தேன். மறப்பதற்குள் எண்ணைக் குறிக்க வேண்டியிருந்தது, குறித்தேன்.

முதல் சட்டை சொதப்பல். மார்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட்டை இடப்பக்கத்தில் மட்டும் எடுத்துவிட்டு நீளத்தைக் குறைக்க மறந்ததால் கைக்குழி வாயைப் பிளந்தது. இரண்டாவதில் சரியாக உட்கார்ந்தது. தழும்பு போகிற அதே வழியில், மேலே சிவப்பு நூலில் தடிமனாக ஒரு தையல் ஓட்டினேன். "புது டிசைனா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1925 பேருந்து விபத்துக்குப் பிறகு, தான் அணிய நேர்ந்த பிளாஸ்டர் கவசங்களின் மேலேயே ஓவியம் தீட்டினார். 1953இல் ஒரு காலை வெட்டி எடுத்தபின் செயற்கைக் காலுக்குச் சிவப்பு பூட்ஸ். நான் அவர் இல்லை, தெரியும். ஆனால் அந்தச் சிவப்பு எதற்கென்று எனக்குப் புரிகிறது.

மனநல ஆலோசகரிடம் போவதை நான் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள்.

வரைவதைப் பற்றிக் கேட்டீர்களே, எனக்கும் வராது. ஃபேஷன் வகுப்பில் ஒன்பது தலை உயரத்துக்கு, அதாவது தலையின் உயரத்தைப்போல ஒன்பது மடங்கு உயரமாக, பெண் வரையச் சொல்வார்கள். நிஜ மனிதர்கள் ஏறக்குறைய ஏழரைத் தலைதான். நான் பார்த்தபடி வரைந்ததற்கு ஆசிரியை எல்லார் முன்னாலும் "குள்ளவாத்து" என்றார். மார்பு போனதைக்கூடப் பேசிவிடுகிறேன், அதை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பழைய படுக்கை விரிப்பில் தொடங்குங்கள். நான் எடுத்த எடுப்பிலேயே நல்ல துணியில் கத்திரி வைத்தேன். இரண்டு மீட்டர் போயிற்று.