தயாராவது எப்போது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 27 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை பார்த்த முகத்தை மறக்க மாட்டான். எந்தப் பொருள் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப இருக்க வேண்டும் அவனுக்கு. இல்லாவிட்டால் எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டு வந்துதான் உட்காருவான்.

சிறப்புப் பள்ளி முடிந்ததும் ஒரு பகல்நேரத் தொழிற்பயிற்சி மையத்தில் சேர்த்தோம். எட்டு வருடம் ஆகிறது. காகித உறை ஒட்டுகிறான், மணி கோர்க்கிறான். வருடக் கடைசியில் ஓர் அறிக்கை வரும். 'பையனிடம் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. வெளி வேலைக்கு இன்னும் தயாராகவில்லை.' எட்டு அறிக்கையிலும் இதே வரி.

உறவினர் ஒருவர் சரக்குக் கிடங்கு வைத்திருக்கிறார். 'அனுப்பி வை, கூடமாட உதவியாக இருக்கட்டும்' என்கிறார். மையத்தில் கேட்டால் இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்கிறார்கள். வெளியே யாராவது கேலி செய்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். அப்பா வாயே திறப்பதில்லை.

இன்னொன்று. மாதம் ஒருமுறை மையத்தில் எல்லோரையும் வேனில் ஏற்றிப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள். 'சமூகத்தோடு இணைத்தல்' என்று அதற்குப் பெயர். இருபது பேர் ஒரே நிறச் சட்டையில் இறங்கி, ஒன்றாகச் சுற்றிவிட்டு, ஒன்றாக ஏறித் திரும்புகிறார்கள். யாரோடு யார் இணைந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்களையும் மைய ஊழியர்களையும் விட்டால் அவனுக்கு ஒருவரையும் தெரியாது.

நாங்கள் அவசரப்படுகிறோமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

இல்லை. எட்டு வருடம் காத்திருந்து கேட்பவரை அவசரக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் 'பையன்'. நீங்கள் அக்கா, 'அவன்' என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு. 27 வயது ஆளைப் பற்றி ஒரு நிறுவனம் தரும் அறிக்கையில் பையன் என்று வருவது வேறு விஷயம். பையன்கள் எப்போதும் தயாராகிக்கொண்டுதான் இருப்பார்கள். நான் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

சரி, அவர் எதற்குத் தயாராகிறார்? உறை ஒட்டப் பழகியவருக்கு உறை ஒட்டத் தெரியும். கிடங்கு வேலையைக் கிடங்கில்தான் பழக முடியும். யாருக்குமே அப்படித்தான் என்றாலும் உங்கள் தம்பி போன்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துப் போவதுதான் அவர்களில் பலருக்குச் சிரமம். மையத்து மேசையில் சரளமாக வந்தது, கிடங்கின் அலமாரி முன்னால் நிற்கும்போது கைக்கு வராமல் போகலாம். எது அவருக்குக் கடினமோ அதையே நம்பி எட்டு வருடப் பயிற்சித் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

நானும் என் முதல் வேலைக்குத் தயாராக இருக்கவில்லை. முதல் வாரமே முக்கியமான கோப்பு ஒன்றைத் தொலைத்து, அலுவலகம் முழுக்கத் தேட வைத்தேன். திட்டினார்கள். ஆனால் மணி கோர்க்க அனுப்பவில்லை.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், உங்கள் தம்பி போகும் மையம் போன்ற பணிக்கூடங்களில் இருந்தவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். சைக்கிள் பிரேக் பூட்டுவது. மொத்தம் 15 பாகங்கள், வரிசை தப்பினால் பூட்டாது. இவர்களால் இதெல்லாம் ஆகாது என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த வேலை. கோல்ட் அதைச் சின்னச் சின்ன அடிகளாகப் பிரித்தார். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று தெரிவதற்குப் பாகங்களில் வண்ணம் பூசினார். தப்பாக வைத்தால் 'வேறு விதமாக முயன்று பாருங்கள்' என்று மட்டும் சொல்வது, நீண்ட விளக்கம் கிடையாது. அவர்கள் பூட்டினார்கள். ஒருவர் கற்கவில்லை என்றால் கற்றுக்கொடுக்கும் முறையில்தான் கோளாறைத் தேட வேண்டும் என்பது கோல்டின் கட்சி. உங்கள் மையத்தின் எட்டு அறிக்கைகளையும் அந்தக் கண்ணோடு இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவை யாரைப் பற்றிய அறிக்கைகள்?

முதலில் வேலை, பயிற்சி அங்கேயே என்ற இந்த வழியைத் தீவிர மனநோய் உள்ளவர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். ஆறு ஐரோப்பிய மையங்கள், 312 பேர். ஒரு பாதிக்கு வழக்கம்போலப் பயிற்சி கொடுத்துப் பிறகு வேலை. மறுபாதிக்கு நேரடியாக வேலை தேடித் தந்து கூடவே ஆதரவு. முடிவு 2007இல் வந்தது. பதினெட்டு மாதத்தில் ஒரு நாளாவது வேலைக்குப் போனவர்கள், பயிற்சி பெற்றவர்களில் 28 சதவீதம், நேரே போனவர்களில் 55 சதவீதம். மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல, அந்த எண்ணை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் 'முதலில் தயாராகட்டும்' என்பது பாதுகாப்பான வழி என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோமே, அந்த நினைப்புக்கு இது நல்ல அடி.

நடைமுறையில் இதற்கு ஒரு வேலைப் பயிற்சியாளர் வேண்டும். ஜாப் கோச் என்பார்கள். முதல் சில வாரங்கள் கூடவே போவார். வேலையை அடி அடியாகப் பிரிப்பார், படம் ஒட்டுவார், நிறம் அடிப்பார். எழுத்தே தெரியாதவருக்கும் அலமாரியில் எது எங்கே என்று காட்ட முடியும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார். இந்த விலகல்தான் அவர் தொழிலின் நுட்பமே. பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றால் சக ஊழியர்கள் உங்கள் தம்பியிடம் பேச மாட்டார்கள், பயிற்சியாளரிடம்தான் பேசுவார்கள். 'அவருக்குத் தண்ணீர் வேண்டுமா?' என்று உங்கள் தம்பியை வைத்துக்கொண்டே இன்னொருவரிடம் கேட்பார்கள். அதனால் நல்ல பயிற்சியாளர் முதல் நாளே ஒரு சக ஊழியரைப் பிடித்து, 'இதை நீங்களே காட்டிக்கொடுங்களேன்' என்று ஒதுங்கிவிடுவார்.

மற்றபடி வேலை தேடுவதில் ஒரே ஒரு யோசனை. எங்கே காலியிடம் என்று பட்டியலைப் பார்க்காமல், உங்கள் தம்பியிடமிருந்து தொடங்குங்கள். பொருள் இடம் மாறினால் எழுந்துபோய்ச் சரிசெய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மையத்து அறிக்கையில் அதை ஒரு பிடிவாதமாகக் குறித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கிடங்கிலோ நூலகத்திலோ மருத்துவமனைப் பொருள் அறையிலோ அதற்குச் சம்பளம் உண்டு. நிறைய இடங்களில் அதிகச் சம்பளக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அலமாரி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் துண்டு வேலைகளைச் சேர்த்தாலே ஓர் ஆளுக்கு முழு வேலை வரும். நேர்முகத் தேர்வு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் வாய் உள்ளவர் ஜெயிப்பார். அதற்குப் பதில் சில நாள் வேலை செய்து காட்டட்டும், அந்த நாட்களுக்கும் சம்பளத்தோடு.

சம்பளம் என்றதும் உங்கள் உறவினரிடம் வருகிறேன். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது. ஆனால் 'கூடமாட உதவியாக' என்பதில் எனக்குச் சந்தேகம். உதவிக்கு நேரம் கிடையாது, சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, ஒரு நாள் 'போதும்' என்று சொல்லிவிடவும் முடியும். அமெரிக்காவில் 1938இல் வந்த தொழிலாளர் சட்டம், குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே தரலாம் என்று சிறப்பு அனுமதி வைத்தது. அவர்களுக்கு வேலை வாய்ப்புப் பெருகும் என்பதுதான் சொன்ன காரணம். பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த வாய்ப்பின் பெயரில் சில்லறைக் கூலிக்கு உழைத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கிடங்கில் அதே வேலைக்கு மற்றவருக்கு என்ன தருவார்களோ அதைத் தம்பிக்கும் தரட்டும். எழுத்தில் இருக்கட்டும். அவருக்கு ஏதாவது உதவித்தொகை வந்தால், சம்பளம் வாங்கினால் அது நிற்குமா என்றும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பல குடும்பங்கள் இந்த ஒரு பயத்தால்தான் பின்வாங்குகின்றன.

அம்மாவின் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கேலி நடக்கும். நடக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகக் குரல் கொடுத்த அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பெர்ஸ்கி 1972இல் இதைப் பற்றி எழுதும்போது, ஆபத்தைச் சந்திப்பதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது என்றார். ஒருவரை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றுவது அவரது மனிதத்தன்மையையே மறுப்பதாக ஆகிவிடலாம் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் ஓர் அம்மாவிடம் இந்தத் தத்துவம் செல்லாது என்றும் தெரியும். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: வெளியாள் வந்துபோகாத மூடிய இடங்களிலும் துன்புறுத்தல் நடக்கிறது, அங்கே அதைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. கிடங்கில் பத்துப் பேர் இருப்பார்கள். யாராவது சீண்டினால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று ஒரே ஓர் ஆளை முதல் நாளே தம்பிக்குக் காட்டிவிடுங்கள். முகம்தான் அவருக்கு மறக்காதே.

அப்புறம் அந்த வேன்.

என் பழைய அலுவலகத்தில் காது கேளாத நண்பர் ஒருவர் இருந்தார். நாலு வருடம் எங்களோடு ஒரே மேசையில் மதியம் சாப்பிட்டார். நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். எங்கள் அலுவலகத்தில் எந்தப் பாகுபாடும் கிடையாது என்று நான் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும் வந்திருந்தார்கள். அவருக்கு மகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தக் குழந்தையின் வயதும் நாலு. சைகை மொழியில் 'சாப்பாடு', 'நன்றி' என்ற இரண்டுக்கு மேல் எங்களில் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. அவர் எங்களைப் பார்த்து உதட்டசைவைப் படித்துக்கொண்டிருந்தார், நாலு வருடமும்.

ஓரிடத்தில் இருப்பதும் அங்கே ஒருவருக்குத் தெரிந்தவராக இருப்பதும் வேறு வேறு. இருபது பேராகப் போனால் பார்க்கிறவருக்குக் கூட்டம்தான் தெரியும், முகம் தெரியாது. ஒருவராக, வாரா வாரம், அதே நேரத்துக்கு, அதே இடத்துக்குப் போகட்டும். கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். பாட்டுக் குழுவின் ஒத்திகைக்கு நாற்காலி போடுவதாக இருக்கலாம், விளையாட்டுக் குழுவின் பந்துகளை எண்ணி எடுத்துவைப்பதாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் வந்து பேசுவதில்லை. நாற்காலி போடுபவரிடம் 'இன்னும் ரெண்டு வேணும்' என்றாவது பேசியாக வேண்டும். ஒரு வாரம் போகாமலிருந்தால் யாராவது 'அவர் எங்கே?' என்று கேட்கிறார்களா பாருங்கள். கேட்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

மையத்தோடு சண்டை வேண்டாம். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வருகைப் பதிவை வைத்துப் பணம் வரும் இடத்தில், ஒருவரை வெளியே அனுப்பினால் வருமானமும் வெளியே போகிறது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, எல்லோருக்கும் திறந்த, எல்லோரையும் உள்ளடக்கிய பணிச்சூழல் என்றுதான் பேசுகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் இப்படிப்பட்ட பணிக்கூடங்களில் கடைசியானதை 2002இல் மூடியது. அது ஒரே நாளில் நடக்கவில்லை. பணத்தையும் ஆட்களையும் வெளி வேலைக்கான ஆதரவுக்குத் திருப்ப இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் மையத்தில் ஊழியர் ஒருவராவது இதை விரும்புகிறவராக இருப்பார். அவரிடம் 'தம்பி தயாரா?' என்று கேட்காதீர்கள். 'அந்தக் கிடங்கில் அவர் வேலை செய்ய என்னென்ன ஆதரவு வேண்டும்?' என்று கேளுங்கள். அவரே ஜாப் கோச்சாக ஆறு வாரம் வந்தாலும் வரலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் மையம் சொன்னது இருக்கிறது, உறவினர் சொன்னது இருக்கிறது, அம்மாவின் பயம் இருக்கிறது, அப்பா பேசாதது கூட இருக்கிறது. தம்பி என்ன சொன்னார் என்று இல்லை. வார்த்தையில் கேட்டால் அவருக்குப் பதில் வராமல் போகலாம், பார்க்காத இடத்தைப் பற்றி யாரால் சொல்ல முடியும்? ஒரு நாள் காலையில் கிடங்குக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு மணி நேரம் இருக்கட்டும். அலமாரி கலைந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். எழுந்து போகிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.