ஏழாம் மாதத்தில் நீர்க்கடுப்பும் 144/92 ரத்த அழுத்தமும்

சகோதரி, எரிச்சல் குறைந்ததும் சிறுநீர்த் தொற்றுக்கான மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும், அழுத்தம் 144/92, சிறுநீரில் புரதம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும்) பரிசோதனை கேளுங்கள். மாமியார் தரும் பார்லித் தண்ணீரைக் குடிக்கலாம், ஆனால் அது கிருமியைக் கொல்லாது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் குறைப்பிரசவம் வரை போகலாம்.

எனக்குப் பெரிய கவலை அழுத்தம்தான். தொற்றினாலும் புரதம் தெரியலாம், உண்மை. அதற்காக, 20 வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தாண்டிய அழுத்தத்தையும் தொற்றின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பிரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் அழுத்தம் கூடி உறுப்புகளைப் பாதிக்கும் நோய், இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்து பார்க்க வேண்டும். கடும் தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழ் வலி, திடீர் முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைதல், குளிர்காய்ச்சல் என எது வந்தாலும், நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள்.